எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

அலங்காநல்லூரிலிருந்து வருகிறேன் என்று சொன்னவுடன் கல்லூரியில் எல்லோரும் என்னிடம் கேட்பது காளைகளைப் பற்றித்தான். வாடிவாசலைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுடையோர் எங்கள் ஊரில் பலர் உண்டு. ஆகவே அந்தப் பணியை அவர்களுக்கே விட்டுவிட்டு, எங்கள் தெருக்களில் இன்னும் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருக்கும் பழைய அம்பாசிடர் காரின் ஒரு சிறு உறுப்பைப் பற்றி எழுத முற்படுகிறேன். மெக்கானிக்குகள் அதற்குச் சொல்லும் பெயர் ‘பிரீதர்’. மூச்சுக்குழல் என்று தமிழில் சொல்லலாம். கார் வாங்குகிறவர் எவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, விற்கிறவரும் சொன்னதில்லை. பார்வைக்கு ஒரு வளைந்த இரும்புக் குழாய், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழாய் அடைபட்டதால் ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கே ஆபத்து வந்ததை நான் நேரில் கண்டேன். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அதில் பாடமும் கிடைத்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரே நம் நாட்டில் அம்பாசிடர் ஆயிற்று. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் இதைச் செய்யத் தொடங்கி 2014இல் நிறுத்தியது. பெட்ரோல் வண்டிகளில் நெடுங்காலம் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தாரின் பி-வரிசை எஞ்சின். நான்கு சிலிண்டர்கள், துளையின் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 88.9 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 1489 கன சென்டிமீட்டர் வரும். எம்.ஜி.பி. என்ற ஆங்கில விளையாட்டுக் காரில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அது 1798 கன சென்டிமீட்டர்.

பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் நடுவே ரிங்குகள் உள்ளன. அவை எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் முழுமையாக அடைப்பதில்லை. மேலே அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவையும் எரிந்த வாயுவும் சிறிதளவு நழுவி, கீழே கிராங்க் கேஸ் எனப்படும் அடியறைக்குள் இறங்குகின்றன. நம் மெக்கானிக்குகள் இதைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். எவ்வளவு இறங்கும்? ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், நான்கு வீச்சு எஞ்சினாதலால், 1500 முறை தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கிறது; அதாவது சுமார் 2233 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு கீழே நழுவியதாக வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 22 லிட்டர். இரண்டு குடம் வாயு ஒவ்வொரு நிமிடமும் ஒரு மூடிய பெட்டிக்குள் புகுகிறது. அது வெளியேற வழி வேண்டாமா?

வழி வேண்டும் என்பதற்கு அழுத்தம் மட்டுமே காரணம் அன்று. வேதியியல் துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகிறது. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்! பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. நழுவிய வாயுவோடு கீழே போன நீராவி, எஞ்சின் சூடேறாத நேரத்தில் குளிர்ந்து எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கலக்கிறது, எண்ணெய் நீர்த்துப்போகிறது. அமிலங்கள் உண்டாகின்றன. எல்லாம் சேர்ந்து கரிய களியாகி எண்ணெய் வழிகளை அடைக்கின்றன. ஆகவே மூச்சு என்பது வெளியே விடுவது மட்டுமன்று. நல்ல காற்று ஒரு பக்கம் உள்ளே வந்து, கெட்டதை அடித்துக்கொண்டு மறுபக்கம் போகவேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பிஸ்டன் கீழே இறங்கும்போது அடியறைக் காற்றை அதுவே அமுக்குமே, அதுதானே பெரிய அழுத்தம் என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது மற்ற இரண்டும் ஏறுகின்றன. அடியறையின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதில்லை. ஒற்றைச் சிலிண்டர் புல்லட் மோட்டார் சைக்கிளில்தான் அந்தத் தொல்லை உண்டு. 70 மி.மீ. துளை, 90 மி.மீ. வீச்சு, ஒவ்வொரு இறக்கத்திலும் 346 கன சென்டிமீட்டர் காற்று வெளியே தள்ளப்படுகிறது, ஏற்றத்தில் திரும்ப இழுக்கப்படுகிறது. அதனால்தான் பழைய புல்லட்டின் மூச்சுக்குழலில் வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. வெளியே விடும், உள்ளே விடாது. அம்பாசிடருக்கு அது தேவையில்லை. அதன் பிரச்சினை முழுக்க ரிங்கைத் தாண்டி வரும் வாயுதான்.

பழைய பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. எஞ்சினின் பக்கவாட்டில் டேப்பட் கவர் என்ற தகர மூடி இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, வண்டியின் அடியில் திறந்தபடி நிற்கும். வண்டி ஓடும்போது அதன் வாயருகே காற்று விரைந்து செல்கிறது. விரைவு கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. உள்ளேயுள்ள வாயு வெளியே இழுக்கப்படுகிறது. முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்த பெர்னூலியின் தேற்றம் காருக்கு அடியில் வேலை செய்கிறது! எஞ்சினின் தலைமேல் உள்ள ராக்கர் கவரிலிருந்து மற்றொரு ரப்பர்க் குழாய் ஏர் கிளீனருக்குப் போகிறது. வண்டி விரைவாக ஓடும்போது நல்ல காற்று அதன் வழியே உள்ளே வரும்.

இத்திட்டம் அகன்ற நெடுஞ்சாலைக்கு மிகப் பொருத்தம். ஆனால் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே அந்தக் குழல் பெரிதாக எதையும் இழுப்பதில்லை. எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார் என்ன வேகத்தில் போயிருக்கும் என்பதைப் படிப்பவர்களே ஊகிக்கலாம். அங்கே பெர்னூலிக்கு வேலை இல்லை.

இன்னொரு செய்தி. அந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி மேட்டில் ஏறினால், ஏர் கிளீனரின் உறிஞ்சல் ராக்கர் கவர் வழியாக இழுக்கிறது. அப்போது கீழ்க்குழல் தலைகீழாகத் தெருப் புழுதியை உள்ளே இழுக்கக்கூடும். இதைப் பல மெக்கானிக்குகள் நம்புவதில்லை. குழலின் வாயில் ஒரு மெல்லிய தாளைக் காட்டிப் பார்த்தால் எவரும் தெரிந்துகொள்ளலாம்.

என் மாமா ஒருவர் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டுபவர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பழைய காரையே விரும்பிக் கேட்பவர்கள் இன்றும் இருப்பதால் வண்டிக்கு வேலை இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வண்டி பல மாதங்கள் கொட்டகையில் நின்றது. மீண்டும் எடுத்தபோது மேட்டில் கிளட்ச் வழுக்கியது. கழற்றிப் பார்த்தால் கிளட்ச் பிளேட்டு முழுவதும் எண்ணெய். புது பிளேட்டு போட்டார். ஒரு மாதத்திற்குள் அதுவும் எண்ணெயில் ஊறிவிட்டது. மதுரையில் ஒரு பட்டறையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை வருவதைக் காட்டி, “எஞ்சின் பேக் அடிக்குது, போர் வேலை பாக்கணும், இல்லேன்னா டீசல் எஞ்சின் வச்சிருங்க” என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகையில் வேறொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். ஓராண்டாக வருமானம் இல்லாத மனிதர். “பழைய இரும்புக்குப் போட்டுர வேண்டியதுதான் மாப்ளே” என்று அவர் என்னிடம் சொன்னபோது குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை.

கிளட்சுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? இந்த எஞ்சினின் கிராங்க் தண்டு பின்பக்கம் வெளியே வரும் இடத்தில், இன்றைய கார்களில் உள்ளது போன்ற ரப்பர் ஆயில் சீல் கிடையாது. தண்டின் மேலேயே திருகாணியின் மரை போல ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்தப் பள்ளம் எண்ணெயை உள்ளே தள்ளித் தள்ளித் திருப்பி அனுப்புகிறது. தேயாத, கிழியாத, அழகான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அடியறைக்குள் வெளிக் காற்றைவிட அழுத்தம் கூடியிருக்கக் கூடாது. கூடினால் பள்ளம் உள்ளே தள்ளுவதைவிட வாயு வெளியே தள்ளுவது வலுத்துவிடும். வெளியே வந்த எண்ணெய் நேரே ஃபிளைவீலிலும் கிளட்சிலும் போய் விழும்.

எனவே பட்டறையார் சொன்னதை மறுக்குமுன் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆய்வகத்து மானோமீட்டரை ஊருக்குக் கொண்டுபோக முடியாது; தேவையும் இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் எந்த ஊரிலும் கிடைக்கும். அதில் மூன்று மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ஆங்கில ‘யூ’ எழுத்து வடிவில் வளைத்துக் கட்டி, ஒரு சொட்டு மை கலந்த நீரைப் பாதிவரை ஊற்றி, பின்னால் ஸ்கேல் ஒன்றை ஒட்டினேன். ஒரு முனை திறந்திருக்க, மறுமுனையை எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி செருகும் துளையில் காற்று கசியாமல் பொருத்தினால் கருவி தயார். வெளிப்பக்க நீர் ஏறினால் உள்ளே அழுத்தம். இறங்கினால் உள்ளே உறிஞ்சல். ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 98 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் பெரிய பரப்பில் அந்தச் சிறு அழுத்தம் போதும், எண்ணெயை வெளியே கொண்டுவர.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் பார்த்தபோது நீர் மட்டங்களுக்கிடையே மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு, வெளியே தள்ளும் பக்கம். ரேஸ் கொடுத்ததும் ஒன்பதைத் தாண்டியது. கீழ்க்குழலின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு சிறு காற்றுகூட இல்லை. குழலைக் கழற்றித் தட்டினோம். உள்ளேயிருந்து கெட்டியான மண் உதிர்ந்தது; குளவிக் கூடு! கொட்டகையில் வண்டி நின்ற மாதங்களில் குளவி தன் குடும்பத்துக்கு நல்ல குகையாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்த மண்ணில் எண்ணெய்ப் புகை ஏறி, கல்லைப்போல் இறுகிவிட்டது. சரி, ராக்கர் கவரின் குழாய் வழியாகவாவது வாயு போயிருக்கலாமே என்று பார்த்தால், ஏர் கிளீனர் எண்ணெயில் நனைகிறது என்பதற்காக என்றோ எவரோ அந்த ரப்பர்க் குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டு முறுக்கியிருந்தார்கள். ஒரு வாசலை மனிதர் அடைத்தார். மற்றொன்றைக் குளவி அடைத்தது. வாயு மூன்றாம் வாசலைத் தேடிக்கொண்டது.

இரண்டையும் திறந்துவிட்டு மீண்டும் அளந்தபோது ஐடிலில் நீர் ஏறக்குறைய சமமாக நின்றது. ரேஸ் கொடுத்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை. மாமா அந்த மைத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எனினும் மெதுவாகவே ஓடும் வண்டிக்குக் கீழ்க்குழல் போதாது என்று மேலே கண்டோமல்லவா? உலகம் இதற்கு என்ன செய்தது என்று படித்துப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலேயே வேறு ஏற்பாடு இருந்தது. ஓடையில் இறங்கிப் போகவேண்டிய வண்டிக்குக் கீழ்நோக்கித் திறந்த குழல் ஆகாது என்பதால், அடியறை வாயுவை ஒரு வால்வு வழியாக எஞ்சினின் உறிஞ்சு குழாயான மேனிஃபோல்டுக்கே அனுப்பி எரித்துவிட்டார்கள். அமைதிக் காலத்தில் இதை எல்லாக் கார்களுக்கும் கொண்டுவந்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டம். வாகனங்கள் விடும் எரியாத பெட்ரோல் ஆவி வெயிலில் நச்சாக மாறுவதை ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். கட்டுப்பாடில்லாத ஒரு கார் வெளிவிடும் அத்தகைய ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, புகைக்குழாயிலிருந்து அன்று, இந்த மூச்சுக்குழலிலிருந்து வருவது தெரிந்தது. 1961ஆம் ஆண்டுக் கார்கள் முதல் கலிபோர்னியாவிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதிலும் ‘பி.சி.வி.’ எனப்படும் அந்த வால்வு பொருத்தப்பட்டது.

வால்வு எதற்கு, குழாயை நேரே மேனிஃபோல்டில் செருகினால் என்ன என்று கேட்கலாம். ஐடிலில் மேனிஃபோல்டின் உறிஞ்சல் 45 முதல் 50 சென்டிமீட்டர் பாதரசம். நீரில் சொன்னால் ஆறு மீட்டருக்கு மேல். ஓரளவு ஆழமான கிணற்று நீரையே மேலே கொண்டுவரும் பலம். அதை அடியறையில் நேராக இணைத்தால், பேக்கிங்குகளின் வழியே புழுதியை உள்ளே இழுக்கும், எண்ணெயையும் குடிக்கும். இன்னொரு விந்தையும் இருக்கிறது. கழிவு வாயு மிகுதியாக வருவது சுமையோடு மேடேறும்போது. அப்போது மேனிஃபோல்டில் உறிஞ்சலே ஏறக்குறைய இல்லை. வாயு குறைவாக வரும் ஐடிலில்தான் உறிஞ்சல் அபாரம். நம்மில் சிலருக்கு விடுமுறையில் வரும் படிப்பு ஆர்வம் போலத்தான் இதுவும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே வால்வின் வேலை. உறிஞ்சல் மிகும்போது உள்ளேயுள்ள முளை இழுபட்டு வழியைக் குறுக்கும்; உறிஞ்சல் குறையும்போது ஸ்பிரிங் அதைத் தள்ளி வழியை அகலமாக்கும். கார்புரேட்டர் வழியே எஞ்சின் திருப்பி வெடித்தால் நெருப்பு அடியறைக்குப் போகாமல் மூடிக்கொள்ளவும் செய்யும்.

எம்.ஜி.பி. காரில் 1960களின் நடுவில் இத்தகைய வால்வையே வைத்தார்கள்; அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதையும் நீக்கிவிட்டு, கார்புரேட்டரிலேயே ஒரு சிறு துளை வைத்தார்கள். அது எஸ்.யூ. கார்புரேட்டர். அதன் பிஸ்டன், எஞ்சின் கேட்கும் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், பிஸ்டனுக்கும் திராட்டில் தகட்டுக்கும் இடையே உறிஞ்சல் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவாக, மிதமாக இருக்கும். அந்த இடத்தில் மூச்சுக்குழலைச் சேர்த்துவிட்டால் தனி வால்வே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான்.

மாமாவின் வண்டியிலும் எஸ்.யூ. கார்புரேட்டரே உள்ளது, ஆனால் அந்தத் துளை இல்லாத பழைய வகை. வேறு காரின் பி.சி.வி. வால்வை எடுத்துப் பொருத்துபவர்கள் உண்டு. வால்வின் துளையும் ஸ்பிரிங்கும் அந்தந்த எஞ்சினுக்கென்றே அளக்கப்பட்டவை. கண்டதை மாட்டினால் ஐடில் கெட்டு, கலவை வற்றிப்போகும். ஆகவே நாங்கள் நடுவழி ஒன்றை எடுத்தோம். டேப்பட் கவரின் குழலைத் தரைக்கு விடாமல், ஒரு மூடிய டின் வழியாக ஏர் கிளீனரில் வடிகட்டிய காற்று இருக்கும் பக்கத்தில் இணைத்தோம். டின்னுக்குள் தகடு ஒன்று குறுக்கே நிற்பதால் எண்ணெய்த் துளிகள் அதில் மோதி அடியில் தங்கிவிடுகின்றன. ஏர் கிளீனர் நனைவதில்லை. ராக்கர் கவரின் பழைய குழாய் முனையை முறையாக அடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியில் கம்பி வலையும் வடிகட்டியும் வைத்து நல்ல காற்றுக்கு வழி செய்தோம். உள்ளே வரும் வாசல் மேலே, வெளியேறும் வாசல் கீழே பக்கவாட்டில். ஆகக் காற்று எஞ்சினுக்குள் முழுவதும் உலாவியே தீரவேண்டும். இரண்டு வாசலும் ராக்கர் கவரிலேயே இருந்தால், வந்த காற்று அப்படியே வெளியேறும், அடியறைக்குப் பயனில்லை.

பிறகு கார்புரேட்டரைத் திருத்த வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மேனிஃபோல்டில் இணைத்தால், கார்புரேட்டர் அளக்காத காற்று உள்ளே புகுவதால் கலவை வற்றும். ஜெட் நட்டைக் கீழே இறக்கி பெட்ரோலைக் கூட்டவேண்டும். ஏர் கிளீனரில் இணைத்தாலோ அந்தக் காற்றும் கார்புரேட்டர் வழியாகவே போகிறது. அதோடு பெட்ரோல் ஆவியும் சேர்வதால் கலவை சிறிது செழிக்கும். நட்டுக்கு ஆறு பட்டைகள். எங்கள் வண்டிக்கு ஒரு பட்டை மேலே ஏற்றுவது போதுமானதாக இருந்தது. சரியா என்று பார்க்க, கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்கவேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணையப் பார்த்தால் குறைவு. கணநேரம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரிங்கும் போரும் உண்மையிலேயே தேய்ந்த எஞ்சினுக்கு மூச்சுக்குழல் மருந்தாகாது. கம்ப்ரஷன் மீட்டர் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து, ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால் பட்டறையார் சொன்னதே சரி. மூடியைத் திறந்தவுடன் சிறிது புகை தெரிவது மட்டும் அதற்குச் சான்றாகாது; எந்த எஞ்சினிலும் அது தெரியும். மாமாவின் வண்டியில் நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்தன. மூன்றாவதாகப் போட்ட கிளட்ச் பிளேட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டின்னை மாதம் ஒருமுறை திறந்து வடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று தேக்கரண்டி கறுப்பு எண்ணெய் மட்டும் வரும். மார்கழியில், அதுவும் பக்கத்துக் கிராமத்துக்கே போய்த் திரும்பிய நாட்களுக்குப் பிறகு, மோரில் திரண்ட வெண்ணெய் போன்ற ஒரு நுரை அதில் மிதக்கும். எண்ணெயோடு கலந்த நீர் அது. வண்டியைப் பல நாள் நிறுத்திவைக்க நேர்ந்தால், மாமா எண்ணெய் மூடியின் மேல் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிடுகிறார். குளவி கொட்டகையை விட்டு இன்னும் போகவில்லை.